கணவாய்க்குப் பெடல், ஃபிளவுண்டருக்குத் துடுப்பு: போர்ட் பிலிப்பில் எந்தக் கயாக்?

போன மாதம் மச்சான் ஒருவன் போன் பண்ணினான். "ஒரு கயாக் வாங்கலாம்னு இருக்கேன். கணவாயும் பிடிக்கணும், அந்தத் தட்டை மீனும் பிடிக்கணும். எதை வாங்கட்டும்?" ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியது. அவன் கேட்ட இரண்டும் மெல்பர்னின் போர்ட் பிலிப் விரிகுடாவில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கு வசதியான படகு மற்றதற்கு இடைஞ்சல். அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை தேட வேண்டாம். கணவாயை மனதில் வைத்துப் படகை வாங்குங்கள், ஃபிளவுண்டரை (அவன் சொன்ன தட்டை மீன்தான்) அதில் கிடைக்கும் லாபமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தண்ணீரில் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்று பார்ப்பதைவிட, காரின் கூரையிலிருந்து அதைத் தனியாளாக இறக்க முடியுமா என்று பாருங்கள். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்து காசையும் இடுப்பையும் கெடுத்துக்கொண்டவன்.

போர்ட் பிலிப் விரிகுடா ஏறக்குறைய 1,930 சதுர கிலோமீட்டர். பரப்பைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆழத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். மிக ஆழமான இடமே 24 மீட்டர்தான், கிட்டத்தட்ட பாதி விரிகுடா 8 மீட்டருக்கும் குறைவு. கயாக்காரனுக்கு இது வரம். கரையிலிருந்து முந்நூறு, நானூறு மீட்டர் போனாலே கணவாய் இருக்கும் கடற்புல் வந்துவிடுகிறது. ஆனால் ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று அடித்தால் அலை நீளமாக எழாமல் குட்டையாக, நெருக்கமாக, முகத்தில் அறைகிற மாதிரி எழும். கரையில் நின்று பார்க்கும்போது "இதுக்கா பயப்படறே" என்று தோன்றும் தண்ணீர், உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் வாடை என்றால் போர்வையைத் தேடுவோம். இங்கே கோடையில் வடக்கிலிருந்து வருவது உள்நாட்டு வறண்ட நிலத்தைத் தாண்டி வரும் அனல். அந்த அனல் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரெனத் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று திரும்பும், சில நிமிடங்களில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் விழும். ஊர்க்காரர்கள் "கூல் சேஞ்ச்" என்று சந்தோஷமாகச் சொல்லும் அந்த நேரத்தில் நீங்கள் கயாக்கில் இருக்கக் கூடாது. எந்தப் படகு வாங்கினாலும் இது மாறாது. காற்று 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் என்று வானிலை சொன்னால் நான் காரிலேயே ஏறுவதில்லை.

சரி, கணவாய். இங்கே கிடைப்பது சதர்ன் கலமாரி. பாக் நீரிணைப் பக்கம் கிடைக்கும், உடம்பு நெடுக அகலமான துடுப்பு வைத்த கணவாய் ஒன்று இருக்கிறதே, அதற்கு நெருங்கிய சொந்தம். பார்த்தால் ஓட்டுக் கணவாய் போல இருக்கும், அறுத்தால் உள்ளே ஓடு இருக்காது, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு மெல்லிய தகடுதான். ஆயுள் சுமார் ஒரு வருடம். வருடம் முழுக்கக் கிடைக்கிறது, வசந்த காலத்தில், அதாவது செப்டம்பருக்கு மேல், குவீன்ஸ்கிளிஃப் பக்கம் முட்டையிட வரும் பெரியவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பச் சாப்பாடு. மார்னிங்டன், மவுண்ட் மார்த்தா, ரை, இந்தப் பக்கம் செயின்ட் லெனர்ட்ஸ், போர்ட்டர்லிங்டன் எல்லாமே கணவாய்க் கரைதான். 3 முதல் 6 மீட்டர் ஆழத்தில், கடற்புல்லும் மணலும் திட்டுத் திட்டாக மாறி மாறி வரும் இடத்தில், புல்லின் ஓரத்தில் அது நிற்கும்.

பிடிக்கும் விதம்தான் படகைத் தீர்மானிக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணவாய்க்கு இரை மாட்டிய தூண்டில் வேண்டாம், ஜிக் போதும். இறால் உருவத்தில் துணி சுற்றிய ஒரு பொம்மை, வாலில் இரண்டு வரிசைக் கூர் ஊசிகள், ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது. அளவு எண்கூட அவர்களுடைய பழைய நீள அளவில்தான், 3.0 என்றால் சுமார் 9 சென்டிமீட்டர், 3.5 என்றால் பத்தரை. வீசி, அடி வரை இறங்க விட்டு, ராடை இரண்டு முறை வெடுக்கென்று தூக்கி, அப்புறம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில், ஜிக் மெல்லத் தலைகுப்புற இறங்கும்போதுதான் கணவாய் வந்து கட்டிப்பிடிக்கும். ஈரத் துணி ஒன்று நூலில் மாட்டியது போல ஒரு பாரம் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். அந்த ஊசிகளில் எதிர்முள் கிடையாது. நூல் ஒரு நொடி தளர்ந்தாலும் கணவாய் கழன்றுவிடும். அதாவது கணவாய் மாட்டிய பிறகு உங்கள் இரண்டு கையும் ராடிலும் ரீலிலும் இருக்க வேண்டும். துடுப்புப் படகில் அதே நேரம் காற்று உங்களைப் புல்லின் மேல் தள்ளிக்கொண்டு போகும், படகு பக்கவாட்டில் திரும்பும், நூல் படகுக்கு அடியில் போகும். துடுப்பை எடுக்க ராடைக் கீழே வைத்தால் கணவாய் போச்சு. கணவாய் மாட்டாத நேரத்திலும் இதே கதை: இரண்டு வீச்சு, துடுப்பை எடு, நாலு இழு, துடுப்பை வை, மறுபடி ராடை எடு. ஒரு காலை முழுக்க இப்படிச் செய்தால் பிடித்த நேரத்தைவிடத் துடுப்பைத் தேடிய நேரம்தான் அதிகமாக இருக்கும்.

பெடல் கயாக்கின் அருமை இங்கே தெரியும். கால் தன் பாட்டுக்கு மெதுவாக மிதிக்க, படகு காற்றுக்கு எதிராக அதே இடத்தில் நிற்க, கை இரண்டும் மீன்பிடிக்கிறது. நான் நண்பனுடைய பெடல் படகில் முதல் தடவை மவுண்ட் மார்த்தாவில் உட்கார்ந்தபோது, ஒரே மணல் திட்டின் ஓரத்திலேயே அரை மணி நேரம் நின்று ஆறு கணவாய் எடுத்தேன். துடுப்புப் படகில் அதே திட்டை நான் கடந்து போவதற்கு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்தது ஃபிளவுண்டர். நம் ஊர் நாக்கு மீன், எருமைநாக்கு வகையறாவோடு சேர்த்துப் பார்க்கக்கூடிய தட்டை மீன். (எருமைநாக்குக்கு அறிவியல் பெயரே 'செட்டோடெஸ் எருமெய்', அந்த எருமெய் நம் எருமைதான். தரங்கம்படியிலிருந்து போன மீனுக்கு ஜெர்மன்காரர்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்.) இங்கே முக்கியமாகக் கிடைப்பது கிரீன்பேக் ஃபிளவுண்டர். கை விரித்த அளவுக்கு, மணல் நிறத்தில், கண் இரண்டும் வலப்பக்கம். சேறும் மணலும் கலந்த ஆழமில்லாத தரையில் மண்ணைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்.

இதைக் கயாக்கிலிருந்து தூண்டில் போட்டுப் பிடிக்கலாமா? பிடிக்கலாம். சின்னக் கொக்கியில் பிப்பி சிப்பிச் சதையோ, கணவாய்க் கீற்றோ, தோலுரித்த இறாலோ மாட்டி, 2, 3 மீட்டர் தண்ணீரில் படகை மெல்ல மிதக்க விட்டு, ஈயம் தரையில் உரசி மண் புகை கிளப்பிக்கொண்டே வரும்படி இழுக்க வேண்டும். அந்தப் புகையைப் பார்த்துத்தான் ஃபிளவுண்டர் எழும். ஆனால் உண்மையைச் சொன்னால், இப்படி இழுத்தால் பத்துக்கு எட்டு தடவை வருவது ஃபிளாட்ஹெட் என்ற வேறொரு மீன். அதுவும் நல்ல மீன்தான், குறை சொல்லவில்லை. ஃபிளவுண்டர் மட்டும்தான் வேண்டும் என்று கயாக்கில் தூண்டிலோடு போகிறவர், சில நாள் வெறும் கையோடு திரும்பத் தயாராக இருக்க வேண்டும்.

இந்த ஊரில் ஃபிளவுண்டரை ஒழுங்காகப் பிடிப்பவர்கள் இரவில், காற்றில்லாத நாளில், முழங்கால் தண்ணீரில் நடந்து பிடிக்கிறார்கள். கையில் தண்ணீருக்குள் எரியும் எல்.இ.டி விளக்கு, இன்னொரு கையில் நீளக் குச்சியில் முட்கள் வைத்த கை ஈட்டி. முதல் அரை மணி நேரம் ஒன்றுமே தெரியாது. மணலும் கடற்புல்லும் நண்டும்தான். அப்புறம் எங்கோ ஒரு இடத்தில், யாரோ தரையில் ஒரு தட்டை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு எடுத்துப்போனது மாதிரி ஒரு விளிம்பு தெரியும். உற்றுப் பார்த்தால் அதற்குள் இரண்டு கண் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றைக் கண்டுவிட்டால் கண் பழகிவிடும், அதே இடத்தில் நீங்கள் தாண்டி வந்த இன்னும் மூன்று இருக்கும்.

இதற்குக் கயாக் எதற்கு? கரையிலிருந்து நடந்து போகக்கூடிய இடத்தில் எல்லோரும் நடந்துவிட்டார்கள், அதனால்தான். நடுவில் ஒரு ஆழமான வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் யாரும் மிதிக்காத மணல் திட்டு. கயாக் என்பது அந்த வாய்க்காலைத் தாண்ட உதவும் ஓடம், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் இறங்கி, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, படகை மாடு மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இந்த வேலைக்குப் பெடல் படகு எவ்வளவு தொல்லை என்பதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். மிதிக்கும்போது படகைத் தள்ள அடியில் தொங்கும் சிறகுகள் முழங்கால் தண்ணீரில் தரையைத் தட்டும், கீழே சுக்கான் வேறு. ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் சிறகுகள் இரண்டும் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அப்படி ஒட்டிவிட்டால் அது வெறும் கனமான துடுப்புப் படகு. ஒரு தடவை இருட்டில் மறந்துபோய் மிதித்து, சிறகின் கம்பியை வளைத்தேன். அன்று எடுத்த இரண்டு ஃபிளவுண்டரின் விலையைக் கணக்குப் போட்டால் கடைக்குப் போய் நண்டே வாங்கியிருக்கலாம்.

ஆக, கணவாய் 4 மீட்டரில் கைகள் இரண்டையும் கேட்கிறது, ஃபிளவுண்டர் அரை மீட்டரில் அடியில் எதுவும் தொங்காத இலேசான படகைக் கேட்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

கால்களை உள்ளே நுழைத்து உட்காரும் கயாக்கை விட்டுவிடலாம். கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பும், வெளியே நின்றுகொண்டு இறைத்து மறுபடி ஏறுவது புதியவருக்கு நடக்கிற காரியம் இல்லை, கணவாயின் மை வேறு மடியிலேயே தேங்கும். மேலே உட்காரும் சிட்-ஆன்-டாப் வகைதான் நமக்கு.

காற்றடைக்கும் கயாக். விலை 200, 300 டாலரிலிருந்து தொடங்குகிறது, பத்துப் பதினைந்து கிலோதான், அபார்ட்மென்ட்டில் அலமாரிக்குள் அடங்கிவிடும். நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஊசி ஊசியாக நிற்கும் ஜிக்கையும் முள் ஈட்டியையும் காற்றுப் பையின் மேல் வைத்துக்கொண்டு மீன்பிடிக்கிறோமே என்ற யோசனை வாங்கும்போது வரவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பிரச்சினை ஓட்டை விழுவது இல்லை, அது கொஞ்சமாவது தடித்த துணியில் வருகிறது. பிரச்சினை காற்று. ரை கரை வடக்கு பார்த்தது, தெற்கிலிருந்து காற்று வந்தால் கரையோரம் தண்ணீர் தாம்பாளம் மாதிரி சமமாகக் கிடக்கும். அப்படி ஒரு மாலையில், என்ன அருமையான தண்ணீர் என்று உள்ளே போனேன். இரண்டு கணவாய் எடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், கரையில் நின்ற என் கார் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. பலூன் மாதிரி தண்ணீருக்கு மேல் நிற்கிற படகு, தண்ணீருக்குள் பிடிமானமே இல்லை. திரும்பித் துடுப்புப் போட்டால் மூக்கு அங்கும் இங்கும் ஆடுகிறதே தவிர நகர்வதாகத் தெரியவில்லை. ஒன்றே கால் மணி நேரம் கழித்து, பாதித் தூரத்தில், சின்ன அலுமினியப் படகில் வந்த ஒரு வயதானவர் ஒன்றும் கேட்காமல் கயிற்றை வீசினார். கரைக்கு வந்ததும், "உன் படகு நீச்சல் குளத்துக்கு நல்லாயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அதை விற்றேன். நல்ல விலையில் வரும் தடித்த தரையுள்ள காற்றடைப்புப் படகுகள் இதைவிட நன்றாகவே போகும், ஆனால் அந்த விலைக்கு ஒரு பழைய கடின பிளாஸ்டிக் படகு வந்துவிடும்.

துடுப்போடு வரும் சாதாரண சிட்-ஆன்-டாப். மூன்றரை மீட்டர் நீளம், 25 முதல் 30 கிலோ, புதிது என்றால் 700 முதல் 1,500 டாலர், பழையது பாதி விலைக்கும் கிடைக்கும். மூன்று மீட்டருக்குக் குறைந்த குட்டைப் படகை விலை குறைவு என்று வாங்க வேண்டாம், அது நேராகப் போகாது. இதன் குறையை மேலே சொல்லிவிட்டேன்: கணவாய் பிடிக்கும்போது கை போதாது. அதைச் சரிக்கட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம். இதைப் படகின் பக்கவாட்டில் மட்டும் கட்டிவிடாதீர்கள், இழுப்பு வந்தால் கவிழ்த்துவிடும். படகின் ஓரமாகக் கப்பியில் ஓடும் ஒரு கயிறு போட்டு, நங்கூரத்தை மூக்குக்கோ வாலுக்கோ நகர்த்தும்படி வைக்க வேண்டும். கடையில் ஆங்கர் டிராலி என்று கேட்டால் தருவார்கள், நாற்பது டாலர் வேலை. இரண்டாவது, தண்ணீருக்குள் குடை போல விரியும் ஒரு துணிப் பை, டிரோக் என்பார்கள். அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் காற்று தள்ளும் வேகம் பாதியாகும். கணவாய்க்கு எனக்கு நங்கூரத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மெல்ல நகர்ந்துகொண்டே புதுப் புதுத் திட்டுகளைத் தேடலாம். பெடல் அளவுக்கு வராது. ஆனால் நாலில் மூன்று பங்கு வருகிறது என்பேன்.

ஃபிளவுண்டருக்கு இதுதான் ராஜா. இரண்டு அங்குலத் தண்ணீரில்கூட மிதக்கிறது, தரை தட்டினால் இறங்கித் தள்ளலாம், உடைய ஒன்றுமில்லை. ஈட்டியைப் படகின் நீளத்துக்குக் கட்டி, முனையில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் குத்திவிடுங்கள்.

மூன்றாவது பெடல் கயாக். இதில் இரண்டு ஜாதி. ஹோபி கம்பெனி 1997-இல் கொண்டுவந்த, பென்குவின் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் வீசும் வகை ஒன்று. சைக்கிள் போலச் சுற்றி மிதித்து அடியில் ஒரு புரொப்பெல்லரைச் சுழற்றும் வகை இன்னொன்று. புரொப்பெல்லரில் பின்னோக்கி மிதித்தால் படகும் பின்னோக்கிப் போகும், கணவாய்க்கு அது பெரிய வசதி. சிறகு வகையில் புது மாடல்களில் ஒரு கயிற்றை இழுத்துத் திசையை மாற்றலாம், பழைய மாடல்களில் முன்னால் மட்டும்தான், செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இதைக் கேளுங்கள். கடற்புல் சிக்குவது இரண்டிலும் உண்டு. சிறகில் சிக்கினால் இரண்டு தடவை உதறி விடலாம், புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் அதைத் தூக்கிவைத்துக் கையால் பிரிக்க வேண்டும். புல் நிறைய இருக்கும் போர்ட் பிலிப்பில் என் ஓட்டு சிறகுக்கு.

விலை? நல்லது என்றால் 2,500 டாலரில் ஆரம்பித்து ஐயாயிரம் வரை போகும். அதைக்கூடச் சேர்த்து வைத்து வாங்கிவிடலாம். எடைதான் வாங்க விடாது. எல்லாம் மாட்டியபின் 45, 50 கிலோ. நான் பழையது ஒன்றை வாங்கி ஒன்றரை வருடம் வைத்திருந்தேன். தண்ணீரில் அது சொர்க்கம். காலை ஐந்து மணிக்கு, ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தூங்கும் பக்கத்து வீட்டுக்காரர்களை எழுப்பாமல், 40 கிலோ நீளப் பெட்டியைத் தனியாகக் கார் கூரையில் ஏற்றுவது அப்படி இல்லை. போகும்போது உற்சாகத்தில் ஏற்றிவிடலாம். நாலு மணி நேரம் மிதித்துவிட்டு, நனைந்து, கை மரத்துப்போய்த் திரும்பி வந்து மறுபடி ஏற்ற வேண்டுமே, அதுதான். இரண்டாவது மாதம் காரின் பின்பக்க விளக்கு போனது, நாலாவது மாதம் இடுப்பு பிடித்தது. அப்புறம் எனக்கே தெரியாமல் "இன்னைக்குக் காத்து சரியில்லை" என்று சொல்லிக்கொள்ளும் நாள்கள் கூடின. ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். துடுப்புப் படகு இருந்த வருடம் மாதத்துக்கு நாலு தடவை போயிருக்கிறேன், பெடல் வந்த பிறகு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. நல்ல படகில் ஒரு தடவைக்கு எட்டுக் கணவாய், சுமார் படகில் ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும், வீட்டுக்கு வந்த மொத்தம் எதில் அதிகம் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

டிரெய்லர் இருக்கிறது, அல்லது கடலுக்கு எதிரே வீடு, அல்லது எப்போதும் கூட ஒருவர் வருவார் என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு பெடல் வாங்குங்கள். தோள்பட்டை வலி உள்ளவர்களுக்கும் பெடல்தான் சரி. மற்றபடி, ஒரு காரும் இரண்டு கையும் மட்டும் உள்ளவர்களுக்கு என் பதில் துடுப்புப் படகு, ஒரு டிரோக், இறக்கி உருட்டிக்கொண்டு போக இரண்டு சக்கர வண்டி ஒன்று.

சிலர் துடுப்புப் படகிலேயே மின்மோட்டார் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மோட்டார் வைத்த நிமிடமே அது பதிவு செய்ய வேண்டிய படகாகிவிடும், ஓட்டுபவருக்கும் லைசென்ஸ் வேண்டும். துடுப்புக்கும் பெடலுக்கும் இந்த இரண்டும் வேண்டாம். மீன்பிடி லைசென்ஸ் மட்டும் 18 வயதிலிருந்து 70-க்குள் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும், சில சலுகை அட்டைக்காரர்களைத் தவிர. உயிர்காப்பு ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, கயாக்கில் எப்போதும் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். குளிர்காலத்தில் இந்தத் தண்ணீர் 10, 11 டிகிரிதான், சட்டம் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்வீர்கள்.

அளவுகளும் தெரிந்திருக்க வேண்டும். கணவாய் ஒருவருக்கு நாளுக்கு 10. ஃபிளவுண்டர் குறைந்தது 23 சென்டிமீட்டர், நாளுக்கு 20. இந்த 23 ஈட்டிக்காரரைத்தான் அதிகம் படுத்தும். தூண்டிலில் வந்த சிறியதை அளந்து திருப்பி விடலாம், ஈட்டியில் குத்திய பிறகு அளந்து என்ன பயன்? அதனால் ஈட்டிக் குச்சியிலேயே 23-க்கும் 26-க்கும் வண்ண நாடா சுற்றி வைத்திருக்கிறேன். குத்துவதற்கு முன் குச்சியை மீனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன், இரண்டாவது நாடாவை எட்டாததைத் தொடுவதில்லை. விதிகள் அவ்வப்போது மாறும், போகிற அன்று காலை விக்ஃபிஷிங் ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதிலேயே மீன்பிடிக்கக் கூடாத இடங்களும் இருக்கும். ஸ்வான் பே, மட் ஐலண்ட்ஸ் பகுதிகளின் வரைபடத்தைப் பார்த்தால் ஃபிளவுண்டருக்கென்றே செய்தது போலத் தோன்றும், ஆனால் அங்கெல்லாம் 2002-இலிருந்து கடல் தேசியப் பூங்கா இருக்கிறது, எல்லைக்கோடு எங்கே போகிறது என்று தெரியாமல் ஈட்டியோடு இறங்கினால் அபராதம்தான்.

படகே வேண்டாம் என்ற வழியையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. மார்னிங்டன், ரை, போர்ட்டர்லிங்டன், பக்கத்து விரிகுடாவான வெஸ்டர்ன்போர்ட்டில் ஃபிளிண்டர்ஸ், எல்லா இடத்திலும் கடலுக்குள் நீளும் நடைபாலம் இருக்கிறது. இருபது டாலர் ஜிக் ஒன்று, அரை நாள். பாலத்துப் பலகையில் பழைய மை கறுப்புக் கறுப்பாகக் காய்ந்திருக்கும் இடம்தான் நிற்க வேண்டிய இடம், யாரையும் கேட்க வேண்டாம். ஃபிளவுண்டருக்கும் படகில்லாமல் நடந்தே போகலாம். ஒரு சீசன் இப்படிப் போய்விட்டு, அப்புறமும் ஆசை இருந்தால் படகு வாங்குங்கள் என்று மச்சானிடம் சொன்னேன், அவன் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். பாலத்தில் வார இறுதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பக்கத்து ஆள் நூலோடு சிக்கு விழும், கணவாய் அங்கே ஜிக்கைப் பார்த்துப் பார்த்துப் படித்த பிள்ளையாகிவிட்டது.

வெஸ்டர்ன்போர்ட்டைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போர்ட் பிலிப்பின் உள்ளே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, வெஸ்டர்ன்போர்ட்டில் இரண்டு, மூன்று மீட்டர். வற்றும் நேரம் பார்க்காமல் போனால், போகும்போது தண்ணீராக இருந்த இடம் திரும்பும்போது தொடை வரை புதையும் சேறாக இருக்கும். அங்கே இழுத்துக்கொண்டு வரப்போவது 27 கிலோவா 47 கிலோவா என்பதும் வாங்கும்போது யோசிக்க வேண்டியதுதான்.

எந்தப் படகாக இருந்தாலும், முதல் கணவாயைப் படகுக்குள் தூக்குவதற்கு முன் ஒரு விஷயம். பக்கத்தில் வந்ததும் தூக்காதீர்கள். தண்ணீர் மட்டத்திலேயே பிடித்துவைத்து, அதன் வாய்ப் பக்கத்தை வெளியே திருப்பி, அது ஒரு தடவை, இரண்டு தடவை துப்பி முடிக்கட்டும். முதலில் மை, அப்புறம் வெறும் தண்ணீர். பிறகு சின்ன வலையில் அள்ளி, கண்களுக்கு நடுவே முள்ளால் ஒரு குத்து. பழுப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்த உடம்பில் ஒரு பாதி சட்டென்று வெள்ளையாகும், இன்னொரு குத்தில் மறு பாதி. பனிக்கட்டியில் நேராகப் போடாமல் பையில் போட்டு வையுங்கள், நல்ல தண்ணீர் பட்டால் ருசி போகும். நான் முதல் நாள் ஆசையில் மடிக்கு மேலே தூக்கிவிட்டேன். காற்றடைத்த அந்த மஞ்சள் படகை விற்கும்போது வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி அந்தக் கறையைப் பற்றித்தான்.

மச்சான் கடைசியில் ஆறு வயதான ஒரு துடுப்புப் படகை 450 டாலருக்குப் பேசி முடித்தான். பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். பழைய படகில் மேலே இருக்கும் கீறல்கள் ஒன்றும் செய்யாது. அடிப்பக்கம் வால் நுனியைப் பாருங்கள், கான்கிரீட்டில் இழுத்து இழுத்துத் தாள் மாதிரி தேய்ந்திருக்கும். உட்காரும் இடத்திலிருந்து தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளின் உள்சுவரில் விரலை விட்டுத் தடவுங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். அவன் படகில் மூன்றாவது துளையில் நகக்கண் அளவுக்கு ஒன்று இருந்தது. விற்றவரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, மூடியைக் கழற்றி உள்ளே ஊற்றி, படகைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் கழித்து ஒரு சொட்டு வந்தது. விலை 380 ஆனது.